வியாழனின் இறக்க ஜாரு

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. அங்கிருந்து சற்று நடந்தால் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் மற்ற நான்கிலும் ஆடல் திருமேனியாக நிற்க, இங்கே அது சுவரில் வண்ணமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. செவிக்குச் சங்கு, கண்ணுக்குச் சித்திரம் என்று இரண்டையும் அருகருகே வைத்திருக்கும் இந்த ஊரைவிட, வியாழன் கோளின் ரேடியோ அலைகளை ரசிக்கக் கற்றுக்கொள்ளப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அந்த அலைகளையும் முதலில் சித்திரமாகப் பார்த்துப் பழக வேண்டும். கேட்பது அதற்குப் பிறகு.

1979 மார்ச்சில் வாயேஜர் 1, ஜூலையில் வாயேஜர் 2 என இரண்டு விண்கலங்கள் வியாழனைக் கடந்து சென்றன. ஒவ்வொன்றிலும் செங்கோணத்தில் விரிந்த இரண்டு ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் பத்து மீட்டர் நீளம். அவை வாங்கிய அலைகளை விஞ்ஞானிகள் படமாக வரைந்தார்கள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும், அலை வலுவாக இருந்த இடம் கருமையாகப் பதியும். அப்படி வரைந்ததும் தாளில் வளைவுகள் எழுந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, வரிசை வரிசையாக, அடைப்புக்குறிகளைப் போல. சில வரிசைகள் திறக்கும் அடைப்புக்குறி, சில மூடும் அடைப்புக்குறி. பூமியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே அலைகளைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த வளைவுகளின் ஒழுங்கை இவ்வளவு முழுமையாகக் கண்டது அப்போதுதான்.

அந்த வளைவு உருவாகும் விதம் படத்தைவிட அழகு. வியாழனின் நிலவுகளில் ஒன்று அயோ. அதன் எரிமலைகள் கக்கும் பொருளில் விநாடிக்குச் சுமார் ஒரு டன் வியாழனின் காந்தக் கோளத்துக்குள் போய்ச் சேருகிறது. அயோ நகரும்போது அங்கே மின்னோட்டம் பிறக்கிறது. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வியாழனின் துருவம் நோக்கி விழுந்து, அங்கிருந்து சுருண்டு சுருண்டு மேலேறுகின்றன. ஏறும்போது ரேடியோ அலை வீசுகிறது. அது எல்லாத் திசையிலும் வீசுவதில்லை. உள்ளே வெறுமையான ஒரு பெரிய புனலின் சுவர் வழியாக மட்டும் வெளியேறுகிறது. வியாழனும் அயோவும் சுழலச் சுழல அந்தப் புனலின் ஒரு விளிம்பு விண்கலத்தைத் தடவிச் சென்றால் ஒருவகை அடைப்புக்குறி. மறு விளிம்பு தடவினால் மற்றொரு வகை. ஒரு புனலின் இரண்டு ஓரங்கள் தாளில் இரண்டு கையெழுத்தாக விழுகின்றன.

இன்னொரு நயமும் உண்டு. எலக்ட்ரான் எந்த அதிர்வெண்ணில் வீசும் என்பதை அது இருக்கும் இடத்தின் காந்த வலிமை தீர்மானிக்கிறது: ஒரு காஸ் (காந்த வலிமையின் அலகு) என்றால் 2.8 மெகாஹெர்ட்ஸ். வீணையில் ஸ்வரத்தைக் கேட்டே விரல் எந்த மெட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடும் தேர்ந்த காதைப் போல, அதிர்வெண்ணைப் பார்த்தே எலக்ட்ரான் வியாழனிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த ஒலிபரப்பு 40 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் சட்டென்று முடிந்துபோகிறது. அதற்கு மேல் மெட்டு இல்லை. கணக்குப் போட்டால் சுமார் 14 காஸ். எந்தக் கலமும் போய்ச் சேரும் முன்பே வியாழனின் காந்தம் எவ்வளவு வலியது என்பதைச் சொன்னது இந்த மேல் எல்லைதான். திருநெல்வேலிச் சீமையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தம் அரை காஸுக்கும் குறைவு.

இனி காதுக்கு வரலாம். ரேடியோ அலை ஒலி அல்ல. கருவிதான் அதை ஒலியாக்குகிறது. ஆகவே எந்தப் பதிவைக் கேட்டாலும் ரசிகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது அசல் சுருதியா, இறக்கிய சுருதியா என்பதை. மெகாஹெர்ட்ஸில் வரும் அயோவின் அலை இறக்கிய சுருதி. அதில் இரண்டு ரகம். ஒன்று நீளமானது, கரையில் மோதி விலகும் கடலலைபோல எழுந்து அடங்கும். குற்றாலத்துச் சீசனில் காற்று திசை மாறும்போது பேரருவியின் இரைச்சல் ஓங்கித் தணிவதைக் கேட்டவருக்கு அது அந்நியமாகவே இராது. இரண்டாவது ரகம் மிகக் குறுகியது, ஆயிரத்தில் சில பங்கு விநாடி. தகரக் கூரையில் கைநிறையச் சரளைக்கல்லை வீசியது போன்ற சடசடப்பு. எலக்ட்ரான் மேலேறி வலுக்குறைந்த காந்தத்துக்குள் போகப் போக அந்தச் சிறு சடசடப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் சுருதி கீழே சரிகிறது. சாதாரண வேகத்தில் காது அதைப் பிடிக்காது. மெதுவாக்கி ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் ஒரு சறுக்கல்.

முதலில் இதைக் கேட்டவர்களுக்கு இது இசையாகப் படவில்லை. 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க், பிராங்க்ளின் என்ற இருவர் 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தை அளந்தபோது இந்த இரைச்சல் குறுக்கே வந்தது. இரவில் வீடு திரும்பும் ஏதோ பண்ணையாளின் வண்டி என்றுகூட ஐயப்பட்டார்கள். ஆனால் அது நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முந்தி, விண்மீன்களோடு சேர்ந்தே உதித்தது. வண்டி அப்படி வராது. செய்தி வெளிவந்தபின் ஆஸ்திரேலியாவில் ஷெயின் என்பவர் தம் பழைய பதிவுகளைப் புரட்டினார். 1950, 51இலேயே வியாழன் அவற்றில் பேசியிருந்தது, இடையூறு என்ற பெயரில்.

அசல் சுருதிக்கு வாயேஜர் 1 கொண்டுவந்த விசில்தான் உச்சம். மின்னல் வெட்டும்போது பிறக்கும் அலைக்குள் எல்லா அதிர்வெண்ணும் ஒன்றாக இருக்கும். அது காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்மா வழியே நெடுந்தூரம் போகும்போது உயர்ந்தவை முந்தும், தாழ்ந்தவை பின்தங்கும். கேட்பவர் காதில் அது மேல் ஸ்தாயியிலிருந்து வழுக்கி இறங்கும் ஒற்றை நாதமாக வந்து விழும். கர்நாடக இசையில் இதற்குப் பெயர் இருக்கிறது: இறக்க ஜாரு. பூமியில் முதல் உலகப் போரின்போதே எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டவர்கள் இந்த விசிலைக் கேட்டுக் குழம்பியதுண்டு; இதன் காரணத்தை 1953இல் ஸ்டோரி என்பவர் விளக்கினார். 1979இல் ஃபிரெட் ஸ்கார்ஃப், டொனால்ட் கர்னெட் குழுவின் கருவி அதே ஜாருவை வியாழனில் கேட்டது. வியாழனில் மின்னல் உண்டு என்பதற்கு இந்த வழுக்கலும் சான்றாக நின்றது. அதிர்வெண்ணைத் தொடவேண்டியதில்லை, வேகத்தை மாற்றவேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் இணைத்தால் போதும். அயோவின் சடசடப்பும் இறங்குகிறது, விசிலும் இறங்குகிறது. முன்னதில் பாடகர் நகர்கிறார்; பின்னதில் வழி நாதத்தைப் பிரித்துப் போடுகிறது. இந்த வேறுபாடு காதில் உறைக்கும்போதுதான் ரசனை தொடங்குகிறது.

கர்னெட் இந்தப் பதிவுகளைச் சோதனைச்சாலையோடு நிறுத்தவில்லை. அவர் சேர்த்துவைத்த விண்வெளி ஒலிகளைக் கொண்டு டெர்ரி ரைலி இயற்றிய ‘சன் ரிங்ஸ்’ 2002இல் க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற தந்திக் கருவி நால்வர் குழுவின் வாசிப்பில் அரங்கேறியது. ஆனாலும் வயலின் துணையின்றித் தனியாக ஒலிக்கும் விசிலுக்கு ஈடில்லை.

குற்றாலத்தில் பேரருவி நேரே தரைக்கு விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழ்குழியில் விழுந்து, அங்கே குமுறி, வேகம் தணிந்து பிறகே குளிப்பவர் தலையில் இறங்குகிறது. விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்றுக்கும் வியாழனின் வாசலில் ஒரு பொங்குமாங்கடல் உண்டு. காந்தக் கோளத்தை எதிர்கொள்ளும் இடத்தில் அது திடீரென்று வேகம் இழந்து சூடேறிக் குமுறுகிறது. 2016 ஜூன் 24 அன்று ஜூனோ விண்கலம் இந்த அதிர்ச்சி எல்லையைக் கடந்தது. அதன் கருவி அதைச் சுமார் இரண்டு மணி நேரம் பதிவுசெய்தது. அந்தப் பதிவில் முதலில் மெல்லிய முனகல், பிறகு திடீரென ஓர் உறுமல். மறுநாள் காந்தக் கோளத்துக்குள் கலம் நுழைந்ததும் ஒலியின் குணமே மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஜூனோ துருவங்களுக்கு மேலே பறந்து, புனல்கள் புறப்படும் இடங்களுக்குள்ளேயே நுழைந்து அளந்தது. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து கேட்டவர்கள் பாடகரின் மூச்சுக் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

லயம் பற்றி ஒரு சொல். வியாழனின் ஒரு சுற்று 9 மணி 55 நிமிடம் 29.7 விநாடி, கோளின் நாளாக இன்று ஏற்கப்பட்டிருப்பது ரேடியோவில் எடுத்த இந்தக் கணக்குதான். சனி அப்படி இல்லை. வாயேஜர் அங்கே எண்ணிய தாளம் 10 மணி 39 நிமிடம். காசினி விண்கலம் 2004இல் போனபோது 10 மணி 45 நிமிடம் ஆகியிருந்தது. வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு காலப்பிரமாணம் என்பதும் பிறகு தெரிந்தது. கோள் மெதுவாகவில்லை, காந்தக் கோளம் வழுக்குகிறது. உண்மையான சுழற்சி 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்பதை 2019இல் சனியின் வளையங்களில் எழும் அதிர்வுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

இவ்வளவுக்கும் விண்கலம் எதற்கு? பூமியின் அயனி மண்டலம் சுமார் பத்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றை வைத்து மேலடுக்குக் காற்றை அளந்தது இதே குணத்தைப் பயன்படுத்தித்தான்: அலை மேலே போய்த் திரும்பி வரும். அதே கூரை வியாழனின் தாழ்ந்த ஸ்வரங்களை வெளியே நிறுத்திவிடுகிறது. பூமியும் தன் துருவங்களுக்கு மேலே வியாழனைப் போலவே ஒலிபரப்புகிறது. அதுவும் தரையில் கேட்காது.

ஆனால் உயர்ந்த ஸ்வரங்கள் தென்காசி வயல்வெளிக்கும் வந்து சேர்கின்றன. நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறார்கள். ஆன்டெனா என்பது ஏழேழு மீட்டர் கம்பிகள் இரண்டு. இரவு வேண்டும், அயோ தக்க இடத்தில் இருக்க வேண்டும். சாரல் மாதங்களில் மேகம் மூடித் தொலைநோக்கிக்கு வேலையற்றுப் போனாலும் இந்தக் கம்பிக்கு மேகம் ஒரு தடையே அல்ல. அருகில் மின்னல் வெட்டினால் மட்டும் இடையில் ஒரு சொடுக்கு விழும்.

கம்பி கட்ட வசதியில்லாதவர் 2021 ஜூன் 7இன் பதிவிலிருந்து தொடங்கலாம். ஜூனோ கானிமீட் நிலவை 1,038 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது எடுத்தது. தனக்கென்று காந்தக் கோளம் வைத்திருப்பதாக அறியப்பட்ட ஒரே நிலவு அது. இறக்கிய சுருதி, ஐம்பது விநாடி. ஏறத்தாழ நடுவில் சுருதி திடுமென மேலே தாவுகிறது: கானிமீட்டின் காந்தக் கோளத்தில் வேறொரு பகுதிக்குள் கலம் நுழைந்த இடம் அது.