புதுப்பித்தல் என்னும் சொல்

இக்காலத்து மேடைகளிலும் ஏடுகளிலும் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ‘புதுப்பித்தல்’ ஒன்று. சந்தாவைப் புதுப்பிக்கிறோம், நகைக் கடனைப் புதுப்பிக்கிறோம், நட்பைப் புதுப்பிக்கிறோம், பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம், மார்க்கச் சிந்தனையையும் புதுப்பிக்க வேண்டும் என்கிறோம். ஐந்திடத்தும் சொல் ஒன்றே. செயலும் ஒன்றுதானா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது. சொல்லாராய்ச்சி வீண்வேலை எனக் கருதுவோர் சற்று எண்ணிப் பார்க்கட்டும்: இச்சொல்லுக்குத் தந்தை ஒரு பொருளும் மகன் ஒரு பொருளும் கொண்டு பிணங்கி நிற்கும் இல்லங்கள் நம்மிடையே சிலவல்ல.

தமிழில் ‘புதுமை செய்தல்’ வேறு, ‘புதுப்பித்தல்’ வேறு. புதுமை செய்வோனுக்கு முன்பொருள் வேண்டுவதில்லை. புதுப்பிப்போனுக்கு அஃது இன்றியமையாதது. அரபியிலும் இவ்வேறுபாடு தெளிவாக உண்டு. முன்மாதிரியின்றி ஒன்றைத் தோற்றுவித்தல் ‘இப்திதாஉ’. இருப்பதைப் புதிதாக்குதல் ‘தஜ்தீது’. இதன் வேரினின்று வந்த ‘ஜதீது’ என்னும் சொல்லை, தறியிலிருந்து அப்போதுதான் அறுத்தெடுத்த ஆடையோடு தொடர்புறுத்திக் காட்டுவர் அகராதி ஆசிரியர். பாட்டனாரைக் குறிக்கும் ‘ஜத்து’ என்னும் சொல்லுக்கும் வேரெழுத்துகள் அவையே என்பது நினைக்க இனிக்கும் செய்தி.

பிக்ஹு நூல்களின் வழக்கு இன்னும் நுட்பமானது. ஒருவர் உளூச் செய்து தொழுதார்; உளூ முறியவில்லை. எனினும் அடுத்த தொழுகைக்கென மீண்டும் உளூச் செய்கிறார். இதுவே ‘தஜ்தீதுல் உளூ’, விரும்பத்தக்க செயல். உளூ முறிந்திருப்பின் மீண்டும் செய்வது கடமையாகிவிடும். ஆக, உயிரோடிருக்கும் ஒன்றுக்கு மேலும் ஒளியேற்றுவதே இவ்வழக்கில் புதுப்பித்தலாகும்.

இவ்வுரைகல்லில் அன்றாட வழக்குகளைத் தேய்த்துப் பார்ப்போம். நகைக் கடனைப் ‘புதுப்பித்தவர்’ வட்டியைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார், நகை பெட்டகத்திலேயே இருக்கிறது, முதல் குறையவில்லை. ஈண்டுப் புதுப்பிக்கப்பட்டது கடன், நீண்டது தவணை. சொல்லின் அழகு கடனின் சுமையை மறைக்கிறது.

பள்ளிவாசலின் நிலை இதனினும் வருந்தத் தக்கது. பாண்டி நாட்டுக் கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் கருங்கல் தூண்கள் நிறுத்தி, இந்நாட்டுத் தச்சர் கைத்திறனால் பள்ளிவாசல்கள் எழுப்பினர். அத்தகைய பழங்கட்டடங்கள் பலவிடத்தும் இடிக்கப்பட்டுக் காங்கிரீட்டு மாளிகைகள் எழுகின்றன. தொழுவோர் பெருகினர், இடம் போதவில்லை என்பது மெய்யான காரணமே. ‘இடித்துப் புதிதாகக் கட்டினோம்’ என்று சொல்லின் அது நேர்மையான கூற்று. ‘புதுப்பித்தோம்’ என்னும்போதோ, இடித்த செயல் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. கல்லில் பொறித்திருந்த எழுத்தைப் படியெடுத்தீர்களா என்று கேட்பதற்கும் ஆளில்லாமற் போகிறது.

இனி மார்க்கத்துறைக்கு வருவோம். ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் இச்சமுதாயத்திற்கு அதன் தீனைப் புதுப்பிப்பாரை அல்லாஹ் அனுப்புவான் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூது தொகுப்பில் உண்டு. அது தனியொருவரையே குறிக்குமா, பலரையும் குறிக்குமா என விரிவுரையாளர் ஆய்ந்துள்ளனர். முதல் நூற்றாண்டுக்கு உமறுப்னு அப்துல் அஸீஸையும் (மறைவு ஹிஜ்ரி 101), இரண்டாவதற்கு இமாம் ஷாபிஈயையும் (204), ஐந்தாவதற்கு இமாம் கஸ்ஸாலியையும் (505) எண்ணுவது பெருவழக்கு. இவர்கள் செய்தது யாது? முன்னவர், தம் குடும்பத்தார் முறைகேடாகக் கொண்டவற்றை மீட்டு உரியவரிடம் சேர்த்தார். நபிமொழிகளை எழுதித் தொகுக்க ஆணையிட்டார். ஷாபிஈ இமாம் சட்டம் வகுக்கும் நெறியையே நூலாக்கினார். கஸ்ஸாலி இமாம் தம் பெருநூலுக்கு ‘இஹ்யா’, அதாவது உயிர்ப்பித்தல் என்றே பெயரிட்டார். ஒருவரும் புது மார்க்கம் கொணர்ந்திலர். இருந்தபடியே இருக்கட்டும் என்று வாளாவிருந்தாருமிலர். தொட்டதெல்லாம் பித்அத்து என்னும் தந்தைக்கும், பழையதெல்லாம் பழுது என்னும் மகனுக்கும் இதில் பாடம் உண்டு.

மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் தோன்றும். அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகள் பின்னர் நூலில் இடம்பெற்றன. அதன் ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல் ‘மறுகட்டுமானம்’ எனப் பொருள்படும். அரபியில் பெயர்த்த அப்பாஸ் மஹ்மூது ‘தஜ்தீது’ என்றார். உருதுவில் பெயர்த்த நஸீர் நியாஸி ‘தஷ்கீலெ ஜதீது’, புத்துருவாக்கம், என்றார். ஒன்றில் கட்டடம் மீண்டும் எழுகிறது. ஒன்றில் இருப்பது ஒளிபெறுகிறது. ஒன்றில் வடிவம் புதிதாகிறது. நூலைத் திறக்குமுன்பே வாசகன் மூன்று வழிகளில் செலுத்தப்படுகிறான். மறுமலர்ச்சி, சீர்திருத்தம், புத்தாக்கம் என்று தமிழில் எழுதுவோர் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவது பிழையென்றே கருதுகிறோம்.

நல்ல புதுப்பித்தலுக்கு நம்மிடமே சான்றுண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அச்சேற்றினார்கள். ஓலை தாளாயிற்று, காப்பியம் காப்பியமாகவே நின்று பல இல்லங்களை அடைந்தது.

ஆதலின் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புக: எது நிலைபெறுகிறது? எது நீக்கப்படுகிறது? எது சேர்க்கப்படுகிறது? ‘பள்ளிவாசல் புதுப்பிப்பு நிதி’ என்று ரசீதுப் புத்தகம் அச்சிடுமுன் ஊர் ஜமாஅத்தார் இம்மூன்றுக்கும் விடை எழுதி வாசலில் ஒட்டுவார்களாயின், கொடுப்போர்க்கும் தெளிவு பிறக்கும். கல்தூண்கள் சிலவேனும் பிழைக்கும்.