ஏழுமலையும் எக்மோரும்

மணவாள நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலை உண்டு. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போய்வருகிற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஆங்கிலப் படிவம் அத்துப்படி என்று எப்படியோ நம்பிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்தவர் ஒரு பெரியவர். ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருங்கால வைப்பு நிதி நின்றுபோயிருந்தது. ஆதாரில் பெயரின் ழகரத்துக்கு ‘எல்’. நிதிக் கணக்கில் ‘இசட் எச்’. பொருந்தவில்லை என்று மனு திரும்பிவிட்டது. "தம்பி, ரெண்டும் நான்தானே? எங்கப்பா வச்ச பேரு ஒண்ணுதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. இதை மொழியியல் கேள்வியாக மட்டும் பார்த்தால் தவறிவிடுவோம். இது அதிகாரம் பற்றிய கேள்வி.

ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத ஒரே வழி என்றுமே இருந்ததில்லை. எழும்பூர் வெள்ளைக்காரன் ஏட்டில் ‘எக்மோர்’ ஆனபோது ழகரம் இருந்த இடத்தில் ‘ஜி’ உட்கார்ந்தது. கோழிக்கோடு ‘காலிகட்’ ஆனபோது ‘எல்’. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’, தரங்கம்பாடி ‘ட்ராங்கேபார்’. இவற்றை யாரும் எழுத்துப்பிழை என்பதில்லை, வரலாறு என்கிறோம். 1996இல் மெட்ராஸ் சென்னையானது. ஆனால் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ்தான். சென்ட்ரல் நிலையத்தின் ரயில்வே குறியீடு இன்றும் எம்.ஏ.எஸ்.தான். இந்தப் பொருந்தாமைக்காக எந்த மனுவும் திரும்புவதில்லை.

ஆங்கிலம் மட்டும் என்ன, பிறக்கும்போதே சீரான எழுத்துக்கூட்டலோடு பிறந்ததா? ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் என்று ஏற்கப்பட்டவை ஆறு. அவற்றில் ஒன்றுகூட இன்று நாம் எழுதுகிற எழுத்துக்கூட்டலில் இல்லை. 1755இல் ஜான்சன் தன் அகராதியில் ‘மியூசிக்’கின் கடைசியில் ஒரு ‘கே’ வைத்திருந்தார். பின்னால் அது உதிர்ந்தது. 1828இல் வெப்ஸ்டர் ‘கலர்’ என்ற சொல்லிலிருந்து ‘யு’வை நீக்கி அச்சிட்டார், அமெரிக்கா அதை ஏற்றது. ஆக, ‘சரியான எழுத்துக்கூட்டல்’ என்பது கட்டமைக்கப்பட்ட ஒன்று. அகராதி போடுகிறவன், ஏடு எழுதுகிறவன் கையில் அது மாற்று வடிவம். கூலிக்காரன் பெயரில் அதுவே குற்றம்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் தமிழ் ஒலிப்புப்படி மாற்றிவிட்டால் தீர்ந்தது’ என்பார்கள் நம் நண்பர்கள். 2020 ஜூனில் அது நடந்தது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசின் ஆணை வெளிவந்தது. கோயமுத்தூருக்கு நீளமான ஒரு வடிவம். வேலூரை ஆங்கிலத்தில் படித்தால் ‘வீலூர்’. ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசு தன் எழுத்துக்கூட்டலை ஒரே வாரத்தில் போடலாம், எடுக்கலாம். ஏழுமலையால் ஓர் எழுத்தை எடுக்க முடியவில்லை. கூட்டு அறிவிப்புப் படிவத்தில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும்; ஒப்பந்தக்காரரோ கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். 2025 ஜனவரியில் இந்த விதி பலருக்குத் தளர்த்தப்பட்டது. அதற்குள் அவர் எத்தனை நாள் கூலியை இழந்திருந்தார்!

அன்று நானும் சிரித்தவன்தான். ‘வீலூர்’ பற்றிப் பேசித் தீர்த்த எழுத்தாளர்கள் நாம், புதிய எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றும் பழையதைச் செல்லாததாக்கும்போது யாருடைய பத்திரமும் சான்றிதழும் சந்தேகத்துக்குள்ளாகும் என்று கேட்கவில்லை. தூய்மை பற்றிய நம் சொல்லாடலும் அலுவலகத்தின் சொல்லாடலும் கைகோக்கிற இடம் இது. இரண்டுக்குமே ஒரே ஒரு சரி தேவைப்படுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தன் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் அவர் பெயர் தமிழிலும் அச்சாகியிருந்தது: ஏழுமலை. அதில் ஒரு தகராறும் இல்லை. "இத ஏன் தம்பி யாரும் படிக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ப் பெயரைச் சரிபார்க்கத் தமிழ் வடிவம் ஏன் சான்றாகக் கூடாது? நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுதான்.