வினாக்கொத்தும் வீட்டுவழக்கும்

சிறுவர் உளநலக் குறைகளை முதனிலையில் இனங்காணும் கருவிகளுள், பிரித்தானிய உளமருத்துவர் றொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘ஆற்றல்களும் இடர்ப்பாடுகளும்’ என்னும் வினாக்கொத்து பெருவழக்குடையது. கூற்றுகள் 25, ‘உண்மையன்று’, ‘ஓரளவு உண்மை’, ‘உறுதியாக உண்மை’ என விடைகள் மூன்று. பெற்றோரோ ஆசிரியரோ சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். தமிழிலும் அது உண்டு. ஆயின் தமிழில் இருத்தல் ஒன்று. திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாலுள்ள சம்பூரில் ஒரு தாய்க்கு விளங்குமாறு இருத்தல் வேறொன்று.

கவலை மிகுந்த பிள்ளையை நம் வழக்கில் ‘எந்நேரமும் யோசிக்கிறான்’ என்பர். மொழிபெயர்ப்பைச் சோதிப்போர், மூலத்தைக் காணாத ஒருவரைக்கொண்டு தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்புநோக்குவர். அவ்வாறு செய்யின் ‘யோசனை’ வெறுஞ் சிந்தனையாகத் திரும்பிவந்து பிழையெனத் தள்ளப்படும். ஓரிடத்து இருப்புக்கொள்ளாத இயல்பைச் ‘சுறுசுறுப்பு மிகுதி’ எனப் பெயர்த்தாலோ, அது சோதனையில் இனிது தேறிவிடும். தாய் அதனைத் தன் மகனுக்குரிய புகழுரையாகவே கொள்வாள். அகராதி இவ்விடத்து உதவாது, ஊர்க்கிணற்றடி உதவும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் நூலுக்கு ‘மனவடு’ எனப் பெயரிட்டமை நல்ல முன்மாதிரி. வடு இன்னதென்று அறியாதார் யார்?

சொல்லினும் ஆழ்ந்த இடர் மதிப்பீட்டில் உளது. ஒத்த வயதினரைவிடப் பெரியோருடன் நன்கு பழகுதலை இவ்வினாக்கொத்து இடர்ப்பாடாக எண்ணுகின்றது. அம்மம்மாவின் மடியில் வளரும் பிள்ளைக்கு அஃது எங்ஙனம் குறையாகும்? மேலும், சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தனர். பலர் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுகள் பல கழித்து, 2015 முதலே தம் காணிகளுக்கு மீளத் தொடங்கினர். கொட்டிலுக்குக் கொட்டில் மாறி வளர்ந்த பிள்ளை புதிய இடத்தில் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டால் அதற்கு எத்துணைப் புள்ளி இடுவது? இடவே கூடாதென்பது என் கருத்தன்று; அவ்வச்சம் மருந்து வேண்டும் துயராகவும் இருத்தல் கூடும். ஆனால் பெற்றோர் விடையில் 40க்கு 17உம் அதற்கு மேலும் பெறுவோரைத் தனியே குறிக்கும் எல்லை, பிரித்தானியச் சிறுவருள் ஏறத்தாழப் பத்திலொருவர் அகப்படுமாறு வகுக்கப்பட்டது. கூற்றுகளைத் தமிழாக்கியதனால் அவ்வெண்ணும் தமிழாகிவிடாது. எல்லை பிழைப்பின், நலமான பிள்ளை நோயாளியெனப் பெயர் சுமக்கும். உள்ளூர நொந்த பிள்ளை எவர் கண்ணிலும் படாது போகும்.

மூதூர்க் கிழக்கின் தாய்மாரும் ஆசிரியரும் ஒவ்வொரு கூற்றையும் தம் சொற்களில் திருப்பிக் கூறக் கேட்டல் வேண்டும். உளமருத்துவர் பிள்ளைகளை நேரிற் கண்டு துணிந்த முடிவோடு புள்ளிகளை ஒப்பிடல் வேண்டும். அதன் பின்னரே அத்தாள் வகுப்பறைக்குள் செல்லலாம்.