இரும்புக்கை மாயாவி: ஒரு மறுபடிப்பு

இளமையிற் படித்த ஏடு, நரை கண்ட பருவத்தே மீண்டும் கைக்கு வருமாயின், ஏட்டோடு படித்தவரும் தேர்வுக்கு உள்ளாகின்றார். லகாட்டில், தோட்டத்து வீட்டைக் காலிசெய்து வந்த ஒருவரின் தகரப்பெட்டி அடியில், பள்ளிச் சான்றிதழ்களுக்குக் கீழே, கரையான் விட்டுவைத்த முத்து காமிக்ஸ் ஏடுகள் சில கிடந்தன. பாடநூலுக்குள் ஒளித்து ஒருகாலத்திற் படித்தவை; ஆசிரியர் கண்ணிற் பட்டால் கிழிபடுவதற்கு உரியவை.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய வெளியீடு அது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றிய இக்கதைக்குப் படம் வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கையை இழந்து எஃகுக்கை பூண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கைமட்டும் தோன்ற உலவுகின்றான்.

பெயரை முதற்கண் நோக்குவோம். ஆங்கிலப் பெயருக்கு 'எஃகு நகம்' என்பதே நேர்ப்பொருள். தமிழாக்கியோர் அதனை விடுத்து 'மாயாவி' என்றனர். வாலியோடு பொருத அசுரனின் பெயர் அது. இராமாயணம் கேட்டு வளர்ந்த செவிக்குப் புதிதன்று. அயல்நாட்டான் ஒருவன் ஒரே சொல்லால் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டான். மொழிபெயர்ப்புப் பயிற்றும் ஆசிரியர் எடுத்துக்காட்டத் தக்க இடம் இது.

ஆயினும் குறை மலிந்துள்ளது. ஆங்கிலச் சொற்களுக்கென வரைந்த கூட்டுக்குள் நெடிய தமிழ்ச் சொற்களை அடைக்க நேர்ந்தமையின், உரையாடல் தந்திபோல் முறிந்து முறிந்து செல்கின்றது. வணிகனும் கள்வனும் அறிஞனும் ஒரே நடையிற் பேசுகின்றனர். சிறுவர்க்கு இது புலப்படுவதில்லை. அவர் கண் படத்தைப் பற்றி ஓடுகின்றது. பிளாஸ்கோவின் இருளும் ஒளியும், மங்கிய மலிவுத்தாளிலும் இன்றளவும் குன்றவில்லை.

மற்றொன்று வியப்புக்குரியது. நாயகன் தொடக்கத்திற் கள்வனாகவே புறப்படுகின்றான். நல்லோர் பக்கம் சேர்வது பின்னர்தான். சிறுவன் இதனை மறந்து வீரனை மட்டும் நினைவில் வைத்திருந்தான். நூலினும் நினைவே பெரிதும் திருத்தி எழுதியுள்ளது.

இனி, கிந்தா வட்டாரத்தவரே ஆன லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' நூலை அருகில் வைத்துப் பார்த்தல் தகும். கோப்பேங்கை அடுத்து 1951இற் பிறந்த அவர், ஆற்றையும் ஈயக்கப்பலையும் தம் கண்ணாற் கண்டவாறே வரைந்தார். ஈயச்சுரங்கம் ஊரை விழுங்க வருவதும், தந்தை மகனைப் படிப்பின்பால் தூண்டுவதும் அதில் உள. மாயாவியின் ஏடுகளிலோ ஒரு பால்மரமேனும் இல்லை. வெட்டுக்கத்தியும் பால்வாளியும் அறிந்த பிள்ளை, காணாத இலண்டனைத் தமிழிற் படித்தான்.

இது கேடெனக் கூறுவார் உளர். முற்றும் ஒப்பத்தக்கதன்று. நூலகமென்று சொல்லத்தக்க ஒன்றில்லாத தோட்டத்தில், எவரும் ஏவாமல் ஒரு சிறுவன் முழு நூலைத் தமிழில் முடித்தது இவ்வேடுகளாலன்றோ? கிழித்த ஆசிரியர் இதனை எண்ணியிருத்தல் வேண்டும். ஆனால், தன் லயத்தைத் தான் காணும் படக்கதை அப்பிள்ளை கைக்கு வரவில்லை என்னும் குறை அதனால் நீங்கிவிடாது.

இன்று இவ்வேடுகள் நல்ல தாளில் மறுபதிப்பாகின்றன. வாங்குவோரிற் பலர் அன்றைய சிறுவர்களே. லகாட்டுப் பெட்டியின் ஏடுகளைப் பேரப்பிள்ளை புரட்டினான்; படங்களை நெடுநேரம் நோக்கினான்; எழுத்தைப் படித்துக்காட்டும்படி பாட்டனாரிடம் நீட்டினான்.