கட்டளையா, அளவீடா?

முப்பரிமாண அச்சுப்பொறிகளின் விவரத் தாள்கள் சிலவற்றில் “நகர்வுத் துல்லியம் 0.0125 மி.மீ.” என்று ஒரு வரி இருக்கும். நம் ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஏறத்தாழ அதற்கு நிகரான எண்ணை ஒரு மேசைப் பொறியின் தாளில் காணும் மாணவர் வியப்படைவது இயல்பே. ஆயினும் வியப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த நகர்வை அளந்தது யார்?

மலிவு விலைப் பொறிகள் பெரும்பாலானவற்றில் யாரும் அளக்கவில்லை. அது அளவீடே அன்று. வகுத்தல் கணக்கின் விடை. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பொறியை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிநகர் மோட்டார். ஒரு முழுச் சுற்றுக்கு அது 200 படிகள் எடுக்கும். அதன் அச்சில் 20 பற்களுள்ள சக்கரம்; சக்கரத்தின்மேல் 2 மி.மீ.க்கு ஒரு பல் வீதம் அமைந்த ரப்பர் வார். ஆகவே ஒரு சுற்றுக்கு 40 மி.மீ., ஒரு படிக்கு 0.2 மி.மீ. நகர்வு. மின்சுற்று ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கிறது. 0.2-ஐ 16-ஆல் வகுத்தால் 0.0125. அவ்வளவுதான். “இவ்வளவு நகர்” என்று இடக்கூடிய மிகச் சிறிய கட்டளை இது. மோட்டார் அவ்வாறே நகர்ந்ததா என்பது வேறு செய்தி.

இந்த வேறுபாட்டை உணர, விலை குறைந்த இங்க்ஜெட் அச்சுப்பொறி ஒன்றின் மூடியைத் திறந்து பாருங்கள். மைத்தலையைத் தாங்கி இடவலமாக ஓடும் வண்டியின் பின்னால், பொறியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஒரு மெல்லிய ஒளிபுகும் நாடா இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்கு மங்கலான சாம்பல் நிறமாகத் தெரியும். உருப்பெருக்கியால் நோக்கினால் அதில் நெருக்கமான கருங்கோடுகள் தெரியவரும். அங்குலத்துக்கு 150 அல்லது 180 கோடுகள் என்பது வழக்கமான அளவு. வண்டியின் முதுகில் ஒரு சிறிய கவ்வி. அதன் ஒரு புறம் ஒளியுமிழ் டையோடு, மறுபுறம் ஒளி டையோடுகள், நடுவே நாடா. வண்டி நகரும்போது ஒளி மறைந்தும் தோன்றியும் துடிக்கிறது. மின்சுற்று அத்துடிப்புகளை எண்ணுகிறது.

ஒரே ஓர் ஒளி டையோடு இருந்தால் எண்ண முடியும். ஆனால் வண்டி வலப்புறம் போகிறதா, இடப்புறம் போகிறதா என்று சொல்ல முடியாது. இதற்குக் கண்ட வழி மிக அழகானது. இரண்டாவது டையோடு ஒன்றை, கோட்டு இடைவெளியில் கால் பங்கு தள்ளி வைக்கிறார்கள். ஒரு திசையில் ஓடும்போது முதலாவது சற்று முந்தித் துடிக்கும். எதிர்த்திசையில் இரண்டாவது முந்தும். யார் முந்துகிறார் என்பதே திசை. தவிரவும், இரண்டு டையோடுகளின் ஒளி–இருள் மாற்றங்களையும் சேர்த்து எண்ணினால் ஒவ்வொரு கோட்டு இடைவெளிக்கும் நான்கு எண்ணிக்கை கிடைக்கும். 150 கோடுகள் 600 எண்ணிக்கைகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 0.042 மி.மீ. நடைமுறையில் இரண்டு டையோடுகளுக்குப் பதிலாக ஒரு வரிசையே இருப்பதுண்டு. ஒரு கோட்டின்மேல் படிந்த தூசி கணக்கைக் கெடுக்காமல், பல கோடுகளின் சராசரி எடுக்கப்படுகிறது.

ஒளிமின்கலத்தின் பயன்கள் யாவை என்ற வினாவுக்கு நம் மாணவர்கள் திரைப்பட ஒலி மீட்டல், தெருவிளக்கு என்று எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். திரைப்பட ஒலியே இன்று பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. ஒளி மின்குறியாக மாறும் அதே கருத்து, கால் பங்கு தள்ளிய இரண்டு டையோடுகளாக, மேசைமீதுள்ள அச்சுப்பொறிக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பழைய பட்டியலையே ஒப்புவிக்கச் செய்வது எனக்கு உடன்பாடானதன்று.

இங்க்ஜெட்டில் மைத்துளியை உமிழும் கட்டளையும் இந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே பிறக்கிறது. மோட்டார் சற்றே வேகம் தளர்ந்தாலும் எழுத்து நீள்வதில்லை. வண்டி உரிய இடத்துக்கு வந்தபின்தான் துளி புறப்படும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. துளி தாளைச் சேரச் சிறிது நேரம் ஆகும். இடைவெளி 1 மி.மீ., துளியின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், வண்டியின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளி பறக்கும் நேரத்துக்குள் வண்டி 0.1 மி.மீ. முன்னேறிவிடும், அதாவது இரண்டு எண்ணிக்கைகளுக்கும் மேல். எனவே துளியை முன்கூட்டியே விட வேண்டும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம். திசையும் வேகமும் தெரியாத பொறியால் இதைச் செய்ய இயலாது.

இப்போது முப்பரிமாணப் பொறிக்கு வருவோம். உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இழைத்து ஒரு பொருளை ஆக்கும் பொறி அது. நுண்படி ஒன்று நகரும்படி கட்டளையிட்டதும் மோட்டாரில் எழும் திருப்பு விசை, அதன் பெருமத் திருப்பு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஒரு படி 90 பாகை மின்கோணம். அதன் பதினாறில் ஒரு பங்கு 5.6 பாகை, அதன் சைன் மதிப்பு 0.098. உராய்வு அதைவிட மிகுதியானால் சுழலி அசையாது. அடுத்தடுத்த கட்டளைகள் சேர்ந்த பிறகே துள்ளும். 0.0125 மி.மீ. என்ற எண் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பெரிய இடறல் நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மேலே வளைந்து தூக்கிய பிளாஸ்டிக் விளிம்பில் முனை மோதிச் சுழலி இரண்டு முழுப் படிகளுக்கு மேல் பின்தங்கினால், அது பழைய நிலைக்குத் திரும்பாது. நான்கு படிகள் தள்ளி அடுத்த சமநிலையில் போய் அமரும். நமது கணக்கில் 4 x 0.2 = 0.8 மி.மீ. அதன்பின் வரும் எல்லா அடுக்குகளும் 0.8 மி.மீ. (அல்லது அதன் மடங்கு) விலகியே விழும். பொறிக்கு இது தெரியாது. மூன்றாம் மணி நேரத்தில் தடம் மாறிய பொருளைப் பத்தாம் மணி நேரம் வரை முழு நம்பிக்கையோடு கட்டி முடிக்கும்.

வடிவமைத்தோர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் நோக்கம், கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு யாரும் கட்டிக்கொள்ளக்கூடிய பொறி. அதற்குப் படிநகர் மோட்டார் மிகப் பொருத்தமானது. 1980-களில் பரவிய ஊசி அச்சுப்பொறிகளிலும் இம்மோட்டார்கள் உழைத்தன. ஆனால் அங்கே ஒரு வரி அச்சாவது நொடிக்கணக்கில் முடியும். பிழை நேர்ந்தால் ஒரு தாள்தான் வீண். இங்கே பல பொறிகள் தொடக்கத்தில் ஓரத்து விசையைத் தொட்டு இடம் அறிவதோடு சரி. அதன்பின் பத்து மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நடக்கின்றன. மோட்டாரில் குறை இல்லை. ஒரே சரிபார்ப்பின்மேல் இத்தனை மணி நேர உழைப்பை ஏற்றி வைத்ததில்தான் குறை.

மாற்றங்கள் வராமலில்லை. செக் நாட்டுப் பிரூசா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட எம்.கே.3 பொறியில், சுழலி தடைப்படுவதை மோட்டாரின் எதிர் மின்னியக்கு விசையில் தோன்றும் மாறுதலால் கண்டறியும் மின்சுற்று வந்தது. இது பாராட்டத்தக்கது. ஆனாலும் “தடைப்பட்டது” என்று சொல்லுமேயன்றி, “இந்த இடத்தில் இருக்கிறேன்” என்று அதனால் சொல்ல இயலாது. முடுக்கமானி பொருத்திய பொறிகள் தம் அசைவைத் தாமே உணர்கின்றன என்ற விளம்பரத்தையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். சட்டம் எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறது என்று கண்டு, அதைத் தணிக்கும்படி ஓட்டத்தைத் திருத்த முடுக்கமானி உதவும். இடத்தை அறிய உதவாது. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால்தான் இடம் கிடைக்கும். வெறும் 0.01 மீ/வி² நிலையான பிழை 10 விநாடியில் அரை மீட்டராகப் பெருகிவிடும். பொறியின் அகலமே அவ்வளவு இல்லை!

கோட்டு நாடாவைப் புகழ்ந்ததால் இங்க்ஜெட் பொறியைக் குறையற்றதாக எண்ண வேண்டா. மை மூட்டமும் மசகும் நாடாவில் படிந்தால் எண்ணிக்கை தவறும். வண்டி ஓரத்தில் மோதும், அல்லது நடுவழியில் நிற்கும். எண்ணிக்கை எந்த இடத்தில் அற்றுப்போனது என்பது பொறிக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அற்றால் அழுக்கு என்று ஊகிப்பது கடினமும் அன்று. இருந்தும் பல பொறிகள் காட்டுவது “வண்டி சிக்கிக்கொண்டது” என்ற பொதுச் செய்தியை மட்டுமே. உள்ளே ஒரு தாள் துண்டும் சிக்கவில்லை என்று கண்ட உரிமையாளர், மோட்டார் கெட்டதென்று எண்ணி நல்ல பொறியைக் கழித்துவிடுகிறார். இவ்வளவு நன்றாக அளக்கும் பொறி அளந்ததை மறைப்பதை நான் வடிவமைப்புக் குற்றம் என்றே சொல்வேன்.

உங்கள் பொறி அப்படி நின்றால், மின்னிணைப்பை நீக்கிவிட்டு, தூய நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் நாடாவை நீளவாக்கில் இலேசாகத் துடைத்துப் பாருங்கள். கொக்கியிலிருந்து கழன்றால் எந்தப் பக்கம் மேலிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு நீக்கி போன்ற கரைப்பான்கள் வேண்டா. சில நாடாக்களில் அழுக்கோடு கோடுகளும் கரைந்து போய்விடும்.