கொள்ளிடத்து மணலில் கட்டுச்சோறு
ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கடற்கரை கிடையாது; கொள்ளிடத்து மணல் உண்டு. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்துவரும் இந்த ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும் மாதங்களில், வெயில் தாழ்ந்ததும் நண்பர்களோடு இறங்கி நடக்க வேண்டும். மேல்மணல் இன்னும் சுடும். விரலால் கொஞ்சம் கிளறினால் உள்ளே ஈரம், குளிர்ச்சி. கடல் மணலின் உப்புப் பிசுபிசுப்பு இதில் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

ஆனால் மணலைவிட எனக்குப் பிடித்தது கட்டுச்சோற்றுப் பொட்டலம்தான். வாழை இலையைத் தணலில் வாட்ட ஒரு கைப்பக்குவம் வேண்டும்: சூடு கூடினால் கருகும், குறைந்தால் மடிக்கும்போது நரம்பு வழியே கிழியும். காலையில் கிளறிய புளியோதரை மாலைவரை அதற்குள் பொறுமையாக ஊறும். வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் நல்லெண்ணெயில் இறங்கி, இலையின் வாசனையும் ஏறியிருக்கும். நூலை அவிழ்த்ததும் அரசியல் பேச்சு தானாக நின்றுவிடும். வேர்க்கடலை மட்டும் நமத்திருக்கும்; குறை சொல்பவர்கள் வடாம் கொண்டுவரட்டும். எனக்கு மோர்மிளகாய் போதும். காற்றடித்தால் நாலு மணல் துகள் சோற்றில் விழுந்து பல்லில் நறநறக்கும். அப்போதும் கடைசிப் பொட்டலம் யாருக்கு என்பதில்தான் சண்டை.