முடிவு தெரிந்த கதைகளின் பதற்றம்

1910 ஜூலையின் பிற்பகுதி. ஆன்ட்வெர்ப்பிலிருந்து கனடாவின் கியூபெக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் மாண்ட்ரோஸ் கப்பலின் மேல்தளத்தில் ஒரு தகப்பனும் மகனும் உலாவுகிறார்கள். பயணிகள் பட்டியலில் இருவருக்கும் பெயர் ராபின்சன். மகன் அப்பாவின் கையை விடாமல் பிடித்திருக்கிறான். அவனுடைய கால்சட்டை பின்பக்கம் பிளந்து, ஊக்கு குத்தப்பட்டிருக்கிறது. அப்பாவின் மூக்குத்தண்டில் கண்ணாடி அழுத்திய தடம் தெரிகிறது, கண்ணாடியைக் காணோம். மீசை சமீபத்தில்தான் மழிக்கப்பட்டிருக்கிறது. கேப்டன் ஹென்றி கெண்டல் இத்தனையையும் கவனித்துவிட்டார். கரையோடு தொடர்பு அறுந்துபோவதற்குள், கம்பியில்லாத் தந்தியில் இங்கிலாந்துக்குச் சேதி அனுப்பினார். லண்டனில் மனைவியைக் கொன்று வீட்டின் நிலவறையில் புதைத்துவிட்டதாகத் தேடப்படும் டாக்டர் கிரிப்பன் இவர்தான், பையன் வேஷத்தில் இருப்பது அவருடைய காதலி எத்தெல் லெ நேவ் என்பது கேப்டனின் சந்தேகம். அது சரியான சந்தேகம்.

ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் வால்டர் டியூ, லாரென்டிக் என்ற வேகமான கப்பலில் ஏறிப் பின்தொடர்ந்தார். இரண்டு கப்பல்களும் எங்கே இருக்கின்றன, எது எதை எப்போது முந்தும் என்று பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. ஊருலகமெல்லாம் படித்துக்கொண்டிருந்த சேதி, அதில் அடிபட்ட இருவருக்கு மட்டும் எட்டவில்லை. அவர்கள் காற்று வாங்கிக்கொண்டு, கேப்டனின் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, பிடிபடப்போகும் இடத்தை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எரிக் லார்சன் 2006-இல் எழுதிய 'தண்டர்ஸ்ட்ரக்' இந்தத் துரத்தலை உச்சமாக வைத்துக் கட்டப்பட்ட நூல். அதில் பாதி கிரிப்பனைப் பற்றியது. மறுபாதி, கம்பியில்லாத் தந்தியை உருவாக்கிய மார்க்கோனியைப் பற்றியது. மார்க்கோனி அத்தியாயங்கள் இழுவை என்று குறைப்பட்டுக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. கார்ன்வாலில் நட்ட கம்பங்கள் புயலில் சரிந்துவிழுவதையும், 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்காற்றில் பட்டம் விட்டு, அதில் கட்டிய கம்பி வழியாக மூன்று புள்ளிகளைக் காது கொடுத்துக் கேட்டதையும் படித்திருந்தால்தான், ஒன்பது வருடம் கழித்துக் கெண்டலின் சேதி கடலைத் தாண்டும்போது நமக்கு மயிர்க்கூச்செறியும். இல்லாவிட்டால் அது வெறும் தந்தி.

மக்கள் படிப்பதற்கென்று எழுதப்படும் குற்ற வரலாறுகளையும் கப்பல் விபத்து வரலாறுகளையும் நான் விரும்பித் தேடிப் படிப்பதற்குக் காரணம் இந்த வித்தைதான். கதையின் முடிவு அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது. கப்பல் மூழ்கும், கொலைகாரன் பிடிபடுவான். ஆகவே 'அடுத்து என்ன' என்ற ஆவல் இந்த எழுத்தாளனுக்கு உதவாது. அவன் கையில் இருப்பது வேறு: யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கணக்கு. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவே நம்மை உட்கார வைத்துவிடுகிறான். நாமோ கத்திச் சொல்ல வழியில்லாமல் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இந்தக் கணக்கை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் வால்டர் லார்ட் என்று சொல்வேன். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, டைட்டானிக்கிலிருந்து பிழைத்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோரைத் தேடிப்பிடித்துப் பேசி, 1955-இல் 'எ நைட் டு ரிமெம்பர்' நூலை வெளியிட்டார். ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிப்பாறை மோதுகிறது, 2.20-க்குக் கப்பல் மறைகிறது. நடுவில் இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்தச் சின்ன இடைவெளிக்குள் லார்ட் எத்தனை அறைக் கதவுகளைத் திறந்து காட்டுகிறார்! அந்த மோதலையே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உணர்கிறார்கள். ஒரு பெண்மணிக்கு ஆயிரம் கோலிக்குண்டுகள் மேல் கப்பல் உருண்டதுபோல் இருந்தது. கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் தன் அறையில் வேலையில் மூழ்கியிருந்தார். அவருக்கு அது உறைக்கவே இல்லை. முன்தளத்தில் சிதறிய பனிக்கட்டியை மூன்றாம் வகுப்புப் பயணிகள் காலால் உதைத்து விளையாடினார்கள். சற்று நேரத்தில் ஆண்ட்ரூஸ் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முன்பக்கத்து நீர்புகாத் தடுப்பறைகளில் நான்கு நிரம்பினாலும் மிதக்கும்படி கட்டிய கப்பல் அது. தண்ணீர் ஐந்தாவதுக்குள்ளும் வந்துவிட்டது. இப்போது அவருக்கும் கேப்டன் ஸ்மித்துக்கும் தெரியும். மேலே வாத்தியம் வாசிப்பவர்களுக்கும், குளிரில் வெளியே வர மனமில்லாமல் அறைக்குள் இருப்பவர்களுக்கும் தெரியாது. முதல் படகுகள் பாதி காலியாக இறங்கியதன் காரணம் இங்கே நமக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது.

அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலையும் லார்ட் விடவில்லை. அதன் ஒரே தந்தி இயக்குநர் மோதலுக்குக் கொஞ்ச நேரம் முன்புதான் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். தளத்தில் இருந்த அதிகாரிகள் வெள்ளை வாணங்கள் வெடிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள், பார்த்தும் விளங்கிக்கொள்ளவில்லை. யாரையும் திட்டாமல், அவர்கள் கண்டதை மட்டும் சொல்லிவிட்டு லார்ட் டைட்டானிக்குக்குத் திரும்பிவிடுகிறார். அந்த அடக்கத்தை இன்றுவரை வேறொருவரும் எட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

சாட்சிகளை நம்பி எழுதியதால் அவர் ஓரிடத்தில் தவறினார். கப்பல் முழுதாகவே மூழ்கியது என்று எழுதினார். பிரிட்டிஷ் விசாரணையின் முடிவும் அதுதான். இரண்டாக உடைந்ததைப் பார்த்தோம் என்று சொன்ன சிலர் எடுபடவில்லை. 1985-இல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டபோது டைட்டானிக் இரண்டு துண்டாகக் கிடந்தது. அடுத்த ஆண்டே லார்ட் இன்னொரு நூலில் பழைய கேள்விகளை மறுபடி எடுத்துப் பேசினார். ஒரு வரலாற்றாசிரியனிடம் நான் எதிர்பார்க்கும் நேர்மை அது.

லூசிடானியா கப்பலைப் பற்றி லார்சன் எழுதிய 'டெட் வேக்' (2015) இதே கணக்கை நாடுகளின் அளவுக்கு விரிக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கி யு-20 கிளம்பிவிட்டது லண்டனில் ரூம் 40 என்ற சங்கேத வாசிப்புப் பிரிவுக்குத் தெரியும். எரிபொருளை மிச்சம்பிடிக்க ஒரு கொதிகலன் அறை மூடப்பட்டு வேகம் குறைந்திருப்பது கேப்டன் டர்னருக்குத் தெரியும். பயணிகளுக்கு இரண்டும் தெரியாது. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரையோரம் ஒரே டார்பிடோ; 18 நிமிடத்தில் கப்பல் இல்லை; கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடையைத் தப்பாக மாட்டிக்கொண்டு தலை தண்ணீருக்குள்ளும் கால் வெளியிலுமாக மிதந்தவர்களை லார்சன் காட்டும் இடத்தைக் கடப்பது கஷ்டம். ஆனால் அதிபர் உட்ரோ வில்சனின் காதலுக்கு இத்தனை பக்கம் எதற்கு? கப்பலிலிருந்து நம்மை இறக்கிவிடுகிற பக்கங்கள் அவை.

டேவிட் கிரானின் 'த வேஜர்' (2023) வேறொரு திசையில் போகிறது. 1741-இல் படகோனியா கரையோரம் பாறையில் மோதி நொறுங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதை. பிழைத்தவர்கள் ஒரு தீவில் ஒதுங்கிப் பட்டினி கிடந்தார்கள். கேப்டன் சீப், ஆயுதம் ஏந்தாத இளம் அதிகாரி ஒருவனைச் சுட்டார். அவன் பின்னர் இறந்தான். பீரங்கிப் பொறுப்பாளர் ஜான் பல்க்லி பெரும்பாலானவர்களைச் சேர்த்துக்கொண்டு, கேப்டனைத் தீவிலேயே விட்டுவிட்டுப் படகில் கிளம்பினார். 81 பேர் புறப்பட்டு, பிரேசில் கரையை அடைந்தவர்கள் 30 பேர். பிறகு கேப்டனும் உயிரோடு ஊர் திரும்பிவிட்டார்! இப்போது இரண்டு கதைகள், இரண்டு தரப்புக்கும் தூக்குக்கயிறு பயம். பல்க்லி தீவில் இருக்கும்போதே நாட்குறிப்பு எழுதிவந்தார். ஒருநாள் அது சாட்சியாகும் என்று தெரிந்தே எழுதினார். ஆகவே இங்கே ஆவணமே ஒரு தரப்பின் வாதம். கிரான் தீர்ப்பு சொல்லாமல் நம்மிடம் விட்டுவிடுகிறார். கடற்படை விசாரணையும் கலகத்துக்காக ஒருவரையும் தண்டிக்கவில்லை.

1629-இல் ஆஸ்திரேலியக் கரையருகே உடைந்த டச்சுக் கப்பல் படேவியாவின் கதையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பிழைத்துத் தீவில் ஒதுங்கியவர்களில் நூறு பேருக்கு மேல், அந்தக் கப்பலின் துணை வணிக அதிகாரியும் முன்னாள் மருந்து வியாபாரியுமான எரோனிமஸ் கார்னலிஸின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். நமக்குக் கிடைக்கும் வாக்குமூலங்கள் பல, நீரால் சித்திரவதை செய்து வாங்கியவை. மைக் டாஷ் தன் 'படேவியாஸ் கிரேவ்யார்ட்' நூலில் அந்த வாக்குமூலங்களை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பின்குறிப்புகளில் பார்க்கலாம். எனக்கு அந்தக் குறிப்புகள் கதையளவுக்கே சுவையானவை.

இறந்தவர்களின் துயரத்தைப் பொழுதுபோக்காக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கற்பனை உரையாடல் கலந்து, ரத்தத்தை மட்டும் காட்டும் புத்தகங்கள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. மேற்கோள் குறிக்குள் வருவதெல்லாம் கடிதத்திலோ ஆவணத்திலோ இருப்பவை என்று லார்சன் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. கற்பனைக்கு அவசியமும் இல்லை. கிரிப்பனைப் பிடித்துக்கொடுத்த அதே கெண்டல், 1914 மே 29 அன்று எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து கப்பலின் கேப்டனாக இருந்தார். மூடுபனியில் வேறொரு கப்பல் இடித்து, 14 நிமிடத்தில் அது மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெண்டல் பிழைத்தார். கிரிப்பன் கைதான அதே செயின்ட் லாரன்ஸ் நதிமுகப் பகுதியில், ஏறக்குறைய அதே இடத்தில் இது நடந்தது. நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

இந்த வகை நூல்களுக்குப் புதியவர்கள் லார்டிலிருந்து தொடங்குங்கள். சிறிய புத்தகம், ஓரிரு நாளில் முடித்துவிடலாம். அடுத்து 'தண்டர்ஸ்ட்ரக்'. 'த வேஜர்' மூன்றாவதாக இருக்கட்டும், சாட்சிகளைச் சந்தேகிக்கப் பழகிய பிறகு. எதைப் படித்தாலும் கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள்.